மரம் தெரிகிற தூரம்

உடன்குடிப் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பனையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேரிக்காட்டுச் செம்மண்ணில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனைதான். மாசி பிறந்தால் பனையேறிகள் பாளை சீவத் தொடங்குவார்கள். பங்குனி, சித்திரை முழுக்கப் பதநீர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கி வருவதைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைப் பிதுக்கிப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. மிச்சம் விடிலி என்கிற காய்ச்சும் குடிசையில் கொதித்துக் கருப்பட்டியாகும். ஓலை, நார், கிழங்கு, பழம், மட்டை என்று அந்த மரத்தில் எங்கள் வீட்டில் புழங்காத பாகம் கிடையாது. கள்ளை மட்டும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

பார்க்க வழியில்லை. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. எனக்கு விவரம் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் தொழில், தடவாவிட்டால் குற்றம். போலீஸ்காரர் கலயத்துக்குள் விரலை விட்டுச் சுண்ணாம்பு ஒட்டுகிறதா என்று பார்த்த கதைகளைத் தாத்தா சொல்வார். ஆகவே கள் எனக்குப் பாடப் புத்தகத்தில் மட்டும் இருந்த பண்டம். அதியமான் செத்துப்போனதற்கு அழும் ஔவை, கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவானே என்று புறநானூற்றில் புலம்புகிறார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிவிட்டார். எங்கள் தமிழய்யா இரண்டையும் ஒரே மூச்சில் நடத்தினார். அது எப்படி இருக்கும் என்று கேட்க எந்தப் பையனுக்கும் துணிச்சல் வரவில்லை.

எனக்கு அது கிடைத்தது ஹைதராபாத்தில், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு.

தெலங்கானா தனி மாநிலமாகி ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. வேலை மாறி அங்கே போய்ச் சேர்ந்தேன். புது ஊரை முதலில் வாயால்தான் தெரிந்துகொள்வோம். சார்மினாருக்கு எதிரே நின்று இரானி சாயில் உஸ்மானியா பிஸ்கட்டை நனைத்துத் தின்றேன். ரம்ஜான் மாதத்தில் ஹலீமுக்கு வரிசையில் நின்றேன். நிஜாமின் படையில் சேர வந்த ஏமன் நாட்டுக்காரர்களின் வாரிசுகள் வாழும் பார்க்கஸ் பகுதியில் கஹ்வா குடித்தேன். இவையெல்லாம் வெளியூர்க்காரனை எல்லோரும் கூட்டிப்போய்க் காட்டுபவை. கள் அந்தப் பட்டியலில் வராது. ஊரே குடிக்கும், ஆனால் விருந்தாளியிடம் சொல்ல மாட்டார்கள்.

என்னிடம் சொன்னது அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். செவெள்ளவைத் தாண்டி ஒரு கிராமம் அவருக்கு. கௌட் சமூகம், கள் இறக்குவது குலத்தொழில். அவர் தலைமுறையில் மரம் ஏறுகிறவர் யாரும் இல்லை, எல்லோரும் கம்ப்யூட்டர்தான். தாய்மாமா மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பதநீரைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது அவர் நடுவில் புகுந்து, “அன்னா, அத்தனை மரத்தை வைத்துக்கொண்டு கள் குடிக்க மாட்டீர்களா?” என்று கேட்டார். சட்டத்தைச் சொன்னேன். சாராயக்கடை இருக்கிறதா என்றார். சாராயம் இல்லை, பிராந்தி, விஸ்கி இருக்கிறது, அரசாங்கமே விற்கிறது என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தயாராக இருங்கள்” என்றார்.

ஜனவரி மாதம். ஹைதராபாத்தில் அந்த நேரத்தில் நல்ல குளிர். மொயினாபாத்திலிருந்து செவெள்ள போகும் சாலையில் இரண்டு பக்கமும் ஆலமரங்கள் கைகோத்து நிற்கும். சாலையை அகலப்படுத்த அவற்றை வெட்டக் கூடாதென்று ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். அந்தச் சாலையை விட்டு உள்ளே திரும்பி, பருத்திச்செடி காய்ந்து நின்ற வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். நான் பனையைத் தேடினேன். மாமா நின்றது ஈச்சமரத்தடியில்.

எங்கள் பக்கம் ஈச்சமரம் என்றால் துடைப்பம், பாய், சின்னப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும் பழம், அவ்வளவுதான். தெலங்கானாவில் குளிர்காலக் கள் அதிலிருந்துதான் வருகிறது. ‘ஈத கள்ளு’ என்பார்கள். பனையில் பாளையைச் சீவுவோம்; ஈச்ச மரத்தில் பாளையைத் தொடுவதில்லை. கொண்டைக்குக் கீழே தண்டின் ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, பட்டையைச் செதுக்கி, சதை தெரிகிற இடத்தில் ஒரு சின்னத் தூம்பைச் செருகி, அதன் நுனியில் பானையைக் கட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் சீவினால் இரவெல்லாம் சொட்டும். சில நாள் சீவினால் சில நாள் ஆற விட வேண்டும். அடுத்த வருடம் எதிர்ப்பக்கத்தில் சீவுவார்கள். இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் செதுக்கியதில் பழைய மரங்களின் தண்டு படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். வெட்டுகளை எண்ணினால் அந்த மரம் எத்தனை பருவம் ஊற்றியது என்று சொல்லிவிடலாம் என்றார் மாமா.

நான் உற்றுப் பார்த்தது அவர் ஏறிய விதத்தை. எங்கள் பனையேறி காலில் தளநாரை மாட்டி, மரத்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்து ஏறுவார். இடுப்பில் அருவாப்பெட்டி தொங்கும். மேலே போய் மட்டையில் கால் ஊன்றும் வரைக்கும் அவருக்கும் தரைக்கும் நடுவே அவர் கையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. மாமாவிடம் கனமான ஒரு வடம் இருந்தது, ‘மோக்கு’ என்றார்கள். அதை மரத்தையும் தன் முதுகையும் சேர்த்து வளையமாகப் போட்டு, பின்னால் சாய்ந்து, அதிலேயே உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்து வேலை செய்தார். கத்தியையும் மற்ற சாமான்களையும் செருகும் இடுப்புக் கட்டுக்கு ‘முஸ்தாது’ என்று பெயர். வடம் இருந்தாலும் விழுவது நிற்கவில்லை. தெலங்கானாவில் வருடந்தோறும் மரத்திலிருந்து விழுந்து சாகிறவர்களும் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவர்களும் உண்டு. 2024 ஜூலையில் மாநில அரசு ‘காட்டமய்யா ரக்ஷா’ என்ற பெயரில் பாதுகாப்புக் கவசங்களைக் கொடுக்கத் தொடங்கியது. காட்டமய்யா என்பவர் மரமேறிகள் கும்பிடும் சாமி.

பானை இறங்கியது. மேலே வெள்ளை நுரை, நுரையில் நாலைந்து தேனீக்கள், ஓர் எறும்புப் படை. மாமா துணியில் வடிகட்டினார். பிறகு ஒரு பனையோலையை எடுத்து மடித்து நுனியைக் கட்டி என் கையில் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பட்டையேதான். அங்கே அதற்கு ‘ரேக’ என்று பெயர். “தாகு பிட்டா” என்று ஊற்றினார். குடி மகனே என்கிற வாஞ்சை. தெலங்கானாவில் வயதானவர்கள் யாரையும் ‘பிட்டா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் வாய் இனிப்பு. பதநீர் அளவுக்கு இல்லை, இளநீருக்கு மேலே. இனிப்பு தொண்டைக்குப் போவதற்குள் நாக்கின் இரண்டு ஓரமும் புளித்தது. பிறகு சின்னச் சின்னக் குமிழ்களாக வெடித்து மூக்கு வரை ஏறியது. வாசம்தான் என்னை வீட்டுக்குக் கொண்டுபோனது. முதல் நாள் ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவைக் காலையில் திறக்கும்போது எழும் அதே வாசம். இது வெறும் பிரமை இல்லை. மாவைப் பொங்க வைக்கும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா வகை கள்ளிலும் இருக்கிறது. கள்ளில் கூடவே ஈஸ்டும் இருப்பதால் சர்க்கரை ஆல்கஹாலாகிறது. கேரளத்தில் ஆப்ப மாவுக்கும் கோவாவில் ரொட்டி மாவுக்கும் ஒரு காலத்தில் கள்தான் ஊற்றினார்கள்.

ஒரு பட்டை உள்ளே போனதும் குளிர் விட்டது. அடுத்த பட்டையில் காது மடல் சூடானது. போதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காரணத்தை மாமா சொன்னார், நான் பிறகு படித்துத் தெரிந்ததும் அதேதான். மரத்திலிருந்து சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. பானையை ஒரேயடியாகத் தேய்த்துக் கழுவ மாட்டார்கள். முந்தின நாள் ஒட்டிய ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காற்றும் பூச்சிகளும் கொண்டுவருவது தனி. விடியற்காலையில் இனிப்பு மிஞ்சி நிற்கும். மத்தியானத்துக்குள் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஆல்கஹால் சேர்ந்துவிடும், ஏறக்குறைய பீர் அளவு. சாயங்காலம் புளிப்பு ஆளைத் தள்ளும். மறுநாள் அது காடி. எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு செய்வதெல்லாம் இந்த ஓட்டத்தை முதல் அடியிலேயே நிறுத்துவதுதான். காரம் ஏறிய இடத்தில் ஈஸ்ட் தலையெடுக்காது. பதநீருக்கும் கள்ளுக்கும் இடையில் ஒரு விரல் சுண்ணாம்பும் நாலைந்து மணி நேரமும்தான் இருக்கின்றன.

மரத்தடியில் கள்ளோடு கதையும் வரும். மாமா சர்வாயி பாப்பன்னாவைப் பற்றிச் சொன்னார். வாரங்கல் பக்கத்து மரமேறிக் குடும்பத்துப் பிள்ளை. குலத்தொழிலை விட்டுவிட்டுப் படை திரட்டினான். ஷாபூரில் கோட்டை கட்டிக்கொண்டு ஜமீன்தார்களையும் முகலாய அதிகாரிகளையும் வருடக்கணக்கில் ஆட்டிவைத்தான். 1708இல் மொஹரம் சமயம் பார்த்து வாரங்கல் நகருக்குள் புகுந்து சூறையாடினான். 1710இல் பிடித்துக் கொன்றார்கள். முகலாய வரலாற்றாசிரியர்கள் அவனைக் கொள்ளைக்காரன் என்று எழுதினார்கள். ஜனங்கள் கதைப்பாட்டாகப் பாடினார்கள். தக்காணத்தின் சமூக வரலாற்றை எழுதிய ரிச்சர்ட் ஈட்டன் அவனுக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறார். இப்போது மாநில அரசே அவன் பிறந்த நாளைக் கொண்டாடுகிறது. மாமாவுக்கு இந்த வருடக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. “மரம் ஏறுகிறவனுக்கு ஊர் முழுவதும் தெரியும், யார் எங்கே வருகிறான் போகிறான் என்று” என்றார். படைத்தளபதிக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான் என்பதுபோல் மீசையை நீவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு குளிர்காலத்தில் ஈச்சங்கள், வெயில் காலத்தில் பனங்கள் என்று எனக்கும் ஒரு பருவக் கணக்கு பிடிபட்டது. பனங்கள் கொஞ்சம் கனம், வாசமும் தூக்கல். ஊருக்குப் போனால் இதைப் பற்றிப் பேச முடியாது. பதநீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பேன்.

ஆஷாட மாதத்தில் போனாலு வந்தது. கோல்கொண்டாவில் தொடங்கி, செகந்தராபாத் உஜ்ஜயினி மகாங்காளி, லால் தர்வாஜா என்று வாரத்துக்கு ஒரு பக்கமாக ஊரே திருவிழாவில் இருக்கும். தலையில் போனம் என்கிற படையல் பானையைச் சுமந்த பெண்கள் நடக்க, அம்மனுக்கு முன்னால் கள்ளைச் ‘சாக’ என்று தரையில் ஊற்றுகிறார்கள். எங்கள் ஊரில் சுடலைமாடனுக்குச் சாராயம் படைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அது விநோதமாகப் படவில்லை. சாமிக்குக் கொடுப்பதை ஒளித்துக் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் புதிது.

இத்தனையும் நகரத்துக்கு வெளியே. நகரத்துக்குள் கள் வேறு கதை.

அங்கே அதற்குக் கள்ளு காம்பவுண்டு என்று பெயர். பழைய பேட்டைகளில், பஸ்தி ஓரங்களில் இருக்கும். சுற்றுச்சுவர், தகரக்கூரை, சிமென்ட் திண்ணை, வாசலில் எண்ணெய்ச் சட்டி. ஒரு மாலை வேளையில் வேறு நண்பர்களோடு அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். கள் பானையிலிருந்து வரவில்லை. பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கிய பழைய பீர் பாட்டில்களில் வந்தது. தொட்டுக்கொள்ள ‘குடாலு’ என்கிற காரம் போட்ட கடலைச் சுண்டல், வறுத்த ஈரல், போட்டி. கள்ளின் விலை பீர் விலையில் பாதிகூட இல்லை. என்னை அசத்தியது பெண்கள்தான். கட்டட வேலை முடித்து வந்தவர்கள், பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவர்கள், வயதான அம்மாக்கள், தனித் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துப் பேசிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் புருஷனோடு குடும்பமாக. யாரும் யாரையும் முறைத்துப் பார்க்கவில்லை. நம் டாஸ்மாக் பார் வாசலை ஒரு பெண் நிம்மதியாகக் கடந்து போவதே பெரிய விஷயம். அந்த வகையில் அந்தத் திண்ணைக்கு ஒரு மரியாதை உண்டு. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பாட்டிலில் இருந்தது மாமா ஊற்றியது இல்லை. நிறம் சரி. நுரை இல்லை, வாசம் இல்லை, நாக்கு ஓரத்தில் புளிப்பு இல்லை. சாக்கரின் தரும் அந்த ஒட்டுகிற இனிப்பு மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை. அரை பாட்டிலுக்கே கண் சொருகியது. மறுநாள் மத்தியானம் வரை வாய் உலர்ந்து தலை கனத்துக் கிடந்தேன். திங்கட்கிழமை மேஜைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. “அங்கே சுற்றிலும் ஒரு மரமாவது பார்த்தீர்களா?” என்றார்.

பார்க்கவில்லை. இருந்தால்தானே!

அவர் கேட்டதற்குள் ஹைதராபாத்தின் கள் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. 2004இல் அன்றைய ஆந்திர அரசு நகரத்துக் கள்ளுக்கடைகளை மூடியது. மரமேறிச் சங்கங்கள் பத்து வருடம் போராடின. 2014இல் தெலங்கானா பிறந்ததும் சந்திரசேகர ராவ் அரசு அந்தக் கடைகளைத் திறந்துவிட்டது. திறந்தது நியாயம்தான், பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு அது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நகரம் பெருத்து, சுற்றியிருந்த பனையும் ஈச்சையும் வீட்டுமனைகளாகியிருந்தன. குடிக்கிற வாய்கள் கூடிவிட்டன, மரங்கள் குறைந்துவிட்டன. அந்த இடைவெளியை எதை ஊற்றி நிரப்புவது? தண்ணீர், சாக்கரின், பிறகு மயக்க மருந்து. ஒரு காலத்தில் குளோரல் ஹைட்ரேட், பிறகு டயஸிபாம், இப்போது அல்பிரசோலம். கடைசி இரண்டும் மனப்பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் டாக்டர் அளந்து எழுதிக்கொடுப்பவை. கள் இறக்கக் கூலியும் மரமும் வேண்டும். பொடியைக் கரைக்க ஒரு வாளி போதும்.

இதன் கொடுமை குடிக்கும்போது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். அல்பிரசோலத்துக்குப் பழகிய உடம்பு அது கிடைக்காவிட்டால் நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். 2015இல் நிஜாமாபாத், மகபூப்நகர் மாவட்டங்களில் கலப்படத்தைப் பிடிக்க அதிகாரிகள் கெடுபிடி செய்தபோது, மருந்து குறைந்த கள்ளைக் குடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 ஊரடங்கில் கடைகள் மூடிய சில நாட்களில் ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசை நீண்டது. வந்தவர்களில் பலர் தங்களுக்கு என்ன பழக்கம் என்பதே தெரியாதவர்கள். கள் குடித்துக்கொண்டிருந்ததாகத்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். 2025 ஜூலையில் கூகட்பள்ளிப் பக்கத்துக் கடைகளில் குடித்தவர்கள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. எடுத்த மாதிரிகளில் அல்பிரசோலம் இருந்தது.

இதற்கெல்லாம் எதிர்முனையில் நெக்லஸ் ரோட்டில் ‘நீரா கஃபே’ இருக்கிறது. ஹுசேன் சாகர் கரையில், பனையோலையை நினைவுபடுத்தும் கூரையோடு மாநில அரசு கட்டி 2023 மே மாதம் திறந்தது. நீரா என்பது சொட்டிய நிமிடத்திலிருந்து குளிரிலேயே வைத்துப் புளிக்க விடாமல் கொண்டுவருவது. இங்கே சுண்ணாம்பு கிடையாது, ஐஸ்தான் காவல். மேஜைக்காரர் அவர் மனைவி, பிள்ளைகளோடு வந்தார். எங்கள் வீட்டிலும் எல்லோரும் போனோம். குழந்தைகள் குடிக்கலாம், போதை இல்லை. சுண்ணாம்பின் கரகரப்பு இல்லாத பதநீர் இத்தனை மென்மையாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பதநிக்கு உள்ள உரம் இல்லியே” என்று தீர்ப்புச் சொல்லி டம்ளரை என்னிடம் தள்ளினாள். மேஜைக்காரரின் புகார் வேறு: “எங்கள் மாமா குனிந்து ஓலையில் ஊற்றுவதை ஏசி போட்டு டம்ளரில் கொடுக்கிறார்கள்.” சொன்னாரே தவிர, அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படத்தைத்தான் அன்று முதல் வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார். மரமேறி என்று சொன்னால் ஒதுக்கிப் பார்த்த நகரத்தில், அந்தத் தொழிலுக்கென்று ஏரிக்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது சின்ன விஷயம் இல்லை.

ஹைதராபாத்திலிருந்து பார்க்கும்போது நம் ஊர் நிலவரம் இன்னும் விசித்திரமாகத் தெரிந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கருணாநிதி தளர்த்தினார். சில வருடங்களில் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் அவரே மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1987இல் அவரே மூடினார். இந்தத் திறப்பிலும் மூடலிலும் 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடைசிக் கணக்கில் பார்த்தால், நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை அரசே விற்கிறது. நான்கைந்து சதவீதம் உள்ளதை மரத்திலிருந்து இறக்கினால் பிடிக்கிறது. மாநில மரம் பனை. 2017இல் தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி வந்தது. பனங்கள்ளுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூர் தோப்புகளில் கேரளத்துக்குக் கள் இறக்குகிறவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குக் கூலி, இந்தப் பக்கம் வழக்கு.

கள்ளுக்காகப் பேசுகிறவர்கள் இந்த முரணை எடுத்துக்காட்டி, கடையைத் திற என்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வெறுமனே திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத் காம்பவுண்டு இருக்கிறது. மூடினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர்ப் பனங்காடு இருக்கிறது: ஏற ஆள் இல்லாமல் காய்ந்து, செங்கல் சூளைக்கு விறகாகப் போன மரங்கள். இரண்டு அரசுகளும் கடையைத்தான் பார்த்தன, மரத்தைப் பார்க்கவில்லை. ஒரு மரம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஊற்றும் என்று ஏறுகிறவனுக்குத் தெரியும். எத்தனை மரத்துக்கு உரிமம் இருக்கிறதோ அத்தனை லிட்டர்தான் விற்கலாம், இறக்கியவரே மரத்தடியிலோ ஊர் எல்லைக்குள்ளோ விற்க வேண்டும், அன்றைக்கு இறக்கியது அன்றோடு சரி என்று சட்டம் எழுதினால் கலப்படத்துக்கு இடமே இருக்காது. பெரிய முதலாளிக்கும் அதில் லாபம் இருக்காது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதுவதில்லை.

குடிக்கவே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வள்ளுவர் அவர்கள் பக்கம் இருக்கிறார். குடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஹைதராபாத் போனால் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். செவெள்ள, விகாராபாத் பக்கமோ நாகார்ஜுன சாகர் சாலையிலோ காலை எட்டு மணிக்கு முன்னால் போய் நில்லுங்கள். நுரை இருக்க வேண்டும், பூச்சி மிதந்தால் நல்லது, புளிப்பு இருக்க வேண்டும். இறக்கியவரைப் பார்த்து, அவர் காட்டும் மரத்தையும் பார்த்துவிட்டு ஒரு ரேக வாங்கிக் குடியுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். மரம் கண்ணில் படாத இடத்தில் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓர் இரானி சாய் குடித்துவிட்டு வாருங்கள்.